கங்காணி வருவாரா

அன்று இருந்தவர்கள் இவர்கள்.

என் கூட்டாளி. மந்தினில் டயர் கடையில் வேலை. வீடு அவனுடையது, டிவி அவனுடையது, விளையாடும் பெட்டியும் அவனுடையது.

அவன் மனைவி. சிரம்பானில் ஃபேக்டரி வேலை. என்னை அண்ணே என்பாள். அவள் விளையாட மாட்டாள். ஆனால் யார் எதில் தோற்றார்கள் என்பதை மறக்க மாட்டாள்.

பஸ்காரர். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும் பஸ். எங்களைவிட மூத்தவர். கன்ட்ரோலரைத் தொட்டதே இல்லை. வந்து உட்கார்ந்து யூகம் மட்டும் சொல்வார்.

நான். தோட்டத்தில், எண்ணெய் எடுக்கிற செம்பனையின் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறேன்.

ஐந்தாவது ஆள் கூட்டாளி மனைவியின் தம்பி. சிரம்பானில் கைப்பேசிக் கடையில் வேலை. அன்றுதான் முதல் தடவை வந்தான். என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

என் நாற்காலி என்று அதில் எழுதியிருக்கவில்லை. டிவிக்கு முன்னால் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. ஒன்றில் கூட்டாளி. இன்னொன்றில் நான். மற்றவர்கள் பாயில். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அப்படித்தான். யாரும் சொல்லி வைத்ததில்லை.

நான் வாசலில் நின்றேன். கூட்டாளி பார்த்தான்.

“வா லா. மச்சான் வந்திருக்கான். ஒக்காரு.”

பாயில் உட்கார்ந்தேன்.

அன்று பார்க்க வேண்டியது ஒரு விளம்பரம்தான். புது விளையாட்டு வரப்போகிறது என்ற விளம்பரம். இரண்டு கம்பெனி. இரண்டுக்கும் தனித்தனிச் சண்டை விளையாட்டு. இதில் இருப்பவன் அதில் வரமாட்டான். எங்களுக்கு இரண்டும் தெரியும். இவனும் அவனும் அடித்துக்கொண்டால் யார் விழுவது என்று பல வருஷமாகப் பேசியிருக்கிறோம். சோறு ஆறும்வரை பேசியிருக்கிறோம். இப்போது அந்த இரண்டு கம்பெனியும் சேர்ந்து எல்லாரையும் ஒரே விளையாட்டில் இறக்கப்போகிறார்களாம்.

விளம்பரத்தில் ஐந்தாறு பேர்தான் முகம் காட்டினார்கள். கடைசியில் எட்டுப் பேர் வரிசையாக நின்றார்கள். முகம் இல்லை, வெறும் நிழல். அதோடு முடிந்தது.

“மறுபடி போடு,” என்றார் பஸ்காரர்.

மறுபடி போட்டான். மச்சான் எழுந்து டிவி பக்கத்தில் போய் ஒவ்வொரு நிழலாக விரல் வைத்துச் சொல்லிக்கொண்டே வந்தான். சொன்னதெல்லாம் ஜப்பான் பெயர். தடங்கலில்லாமல் சொன்னான். கூட்டாளி வாயைத் திறந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

எங்களுக்கு அந்தப் பெயர்கள் பழக்கமில்லை. சின்ன வயதில் மந்தினில் ஒரு கடையில் காசு போட்டு ஆடுவோம். திரையில் இருக்கும் எழுத்தைப் படிக்கத் தெரியாது. ஆளைப் பார்த்துப் பெயர் வைத்தோம். பெரும்பாலும் நான்தான் வைத்தேன். முடியை விரித்துச் சுற்றுகிறவள் சாமியாடி. ஆளைத் தூக்கித் தோளில் போட்டு எறிகிறவன் மூட்டைத்தூக்கி. வளைந்த கத்தி வைத்திருப்பவன் அரிவாள்காரன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தோட்டத்தில் வேலை வாங்குகிறவர் மாதிரி நிற்கிற மீசைக்காரர் கங்காணி.

கங்காணி என்னுடைய ஆள். அவர் அவசரப்பட மாட்டார். எதிராளி பாய்ந்து வரும்வரை நிற்பார். வந்ததும் ஒரே அறை. மற்ற எல்லாரும் எங்கள் பேச்சில் அவன், அவள். அவர் ஒருவர்தான் அவர்.

மச்சான் பேசி முடித்ததும் நான் கேட்டேன்.

“கங்காணி வருவாரா?”

“யாருண்ணே அது?”

கூட்டாளி மனைவி சிரித்துவிட்டாள். “அண்ணனுக்கு அவருதான்டா சாமி. கைய பின்னால கட்டிக்கிட்டு நிப்பாருல்ல, மீசை.”

“ஓ, அவரா!” என்று ஒரு நீளமான பெயரைச் சொன்னான். “அவரு பழைய ஆளுண்ணே. இப்ப யாரும் அவர எடுக்கிறது இல்ல.”

நான் டிவியில் அந்த எட்டு நிழலையும் மறுபடி பார்த்தேன்.

இந்த விளையாட்டில் இரண்டு பேர் ஒரு பக்கம். ஒருவன் அடி வாங்கிக் களைத்தால் மற்றவன் உள்ளே பாய்வான். இரண்டு பேர் பக்கத்தில் உட்கார்ந்து ஜோடியாக ஆடலாம். உலகத்தில் எங்கோ இருக்கிற இன்னொரு ஜோடியோடு மோதலாம். முதல் நாள் யாரோடு சேர்ந்து பதிகிறோமோ அந்த ஜோடியாகவே மேலே ஏற வேண்டும். நடுவில் ஆளை மாற்றினால் கீழேயிருந்து தொடங்க வேண்டும். இதையும் மச்சான்தான் விளக்கிச் சொன்னான்.

“அப்ப ஒனக்கு யாரு ஜோடி?” என்று பஸ்காரர் கூட்டாளியைக் கேட்டார்.

கூட்டாளி என்னைப் பார்த்தான். பிறகு மச்சானைப் பார்த்தான். இரண்டாவதாக எதற்குப் பார்த்தான் என்று எனக்குப் புரியவில்லை. இத்தனை வருஷத்தில் அவன் பதில் சொல்ல யோசித்தது அன்றுதான்.

அவன் மனைவிதான் முடித்து வைத்தாள். “சண்டை வேணாம். எட்டு நெழலு இருக்குல்ல. யாரு அதிகமா கண்டுபிடிக்கிறாங்களோ அவங்கதான் ஜோடி, அந்தச் சீட்டுல ஒக்காரட்டும்.”

“நல்லா இருக்கு லா,” என்றார் பஸ்காரர். “நா ஜெயிச்சா?”

“நீங்க ஜெயிச்சா வீட்டுக்காரரு அழுவாரு.”

கூட்டாளி சிரித்தான். அந்தச் சிரிப்பில் அவன் நிம்மதி தெரிந்தது.

யூகம் சொல்வதற்கு எங்களிடம் பழைய முறை ஒன்று உண்டு. முதலில் வந்தவர் முதலில் சொல்லலாம். ஒருவர் சொன்ன ஆளை இன்னொருவர் சொல்லக் கூடாது. சரியாகச் சொன்னால் வாசல் தூணில் ஒரு கோடு. டயரில் அடையாளம் போடும் மஞ்சள் சாக்குக்கட்டியால் கூட்டாளி போடுவான். அது மழைக்கும் அழியாது.

கம்பெனி சில வாரத்துக்கு ஒரு தடவை ஒரு நிழலைத் திறந்து காட்டும். அதற்கு முந்தைய ஞாயிறு நாங்கள் யூகம் சொல்லிவிட வேண்டும். காட்டிய பிறகு யாரும் தனியாகப் பார்க்கக் கூடாது. அடுத்த ஞாயிறு சேர்ந்துதான் பார்க்க வேண்டும். பஸ்காரர் மட்டும் இதைக் காப்பாற்றியதே இல்லை.

“பஸ்ல பிள்ளைங்க கத்துதுங்க. நா காத அடச்சிக்கிட்டா வண்டி ஓட்டுறது?”

அதனால் அவர் வாயில் பல்குச்சியைக் கடித்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருப்பார். அவர் முகத்தைப் பார்க்கக் கூடாது என்பதும் சட்டமாகிவிட்டது.

முதல் நிழல் மச்சானுக்கு. இரண்டாவது எனக்கு. மூன்றாவதில்தான் அவமானம்.

மூன்றாவது நிழல் நீளமாக ஒன்றைப் பிடித்திருந்தது. மேல் நுனி வளைந்திருந்தது. எனக்குச் சந்தேகமே இல்லை. நீளக் கம்பு, நுனியில் அரிவாள். தினமும் பார்க்கிறேன். மரத்தடியில் நின்று அண்ணாந்து குலை வெட்டுகிறவர்கள் அப்படித்தான் பிடிப்பார்கள்.

“அரிவாள்காரன்,” என்றேன்.

திறந்து காட்டியபோது அது ஒரு பெண். கையில் குடை. தலைகீழாகத் தூக்கிப் பிடித்திருந்தாள். வளைந்திருந்தது குடையின் பிடி.

கூட்டாளி மனைவி பாயில் சாய்ந்து சிரித்தாள். “அண்ணனுக்குக் கொடைகூட செம்பனை வெட்டுற கம்பாட்டம் தெரியுது!”

“வேல நேரம் முடிஞ்சிருச்சி லா, கொல வெட்டாத,” என்றார் பஸ்காரர்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். குடைக்காரி என்று சரியாகச் சொன்னது மச்சான். அவன் சிரிக்கவில்லை. “பாக்க அப்படித்தாண்ணே இருக்கு. நானும் மொதல்ல அப்படித்தான் நெனச்சேன்,” என்றான். அதற்குச் சிரித்தே இருக்கலாம்.

அவன் ஆள் நல்லவன்தான். வரும்போது பொரித்த வாழைப்பழம், பிசாங் கோரேங், வாங்கி வருவான். எல்லாருக்கும் கொடுத்துவிட்டுத்தான் எடுப்பான். சட்டை மடிப்புக் கலையாது. கை சுத்தமாக இருக்கும், சோப்பு வாசனை வரும். என் கையில் லோரி வாசனை. எத்தனை தேய்த்தாலும் நகத்தில் செம்பனை எண்ணெய் இருக்கும். அந்த நாற்காலியின் கைப்பிடியில் என் கை பட்ட இடம் கறுத்திருந்தது. ஒரு ஞாயிறு போனபோது அது துடைத்து வெள்ளையாக இருந்தது.

அவன் ஒரு பலகை கொண்டுவந்தான். கன்ட்ரோலருக்குப் பதில் அதில்தான் ஆடுவானாம். பெரிய பட்டன், உருண்டைப் பிடி. மடியில் வைத்தால் வழுக்கியது.

“இரு,” என்று கூட்டாளி உள்ளே போனான். பழைய டயர் டியூப் துண்டு கொண்டுவந்தான். நான்கு சின்னச் சதுரம் வெட்டினான். ஓரத்தை உரசினான், பசை தடவினான், ஊதினான். பலகையின் அடியில் நான்கு மூலையிலும் ஒட்டிக் கட்டை விரலால் அழுத்திப் பிடித்தான்.

“இப்ப வெச்சிப் பாரு.”

வழுக்கவில்லை.

என் கன்ட்ரோலரில் இடது பக்கக் குமிழ் முன்பே தேய்ந்து போனது. விரல் நிற்காது. அதற்கு அவன் டியூபில் வட்டமாக வெட்டி ஒட்டிக் கொடுத்திருந்தான். நான் கேட்கவில்லை. அவனாகவே செய்தான். அப்படி ஒரு கன்ட்ரோலர் வேறு எவனிடமும் இல்லை என்று நினைத்திருந்தேன். அன்று கட்டை விரலை அதன்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர்கள் இருவரும்தான் பழைய விளையாட்டை ஆடினார்கள்.

நான்காவது நிழல் பஸ்காரருக்கு. அதில் பெரிய ரகளை.

“பிள்ளைங்க சொல்லிக் குடுத்துச்சா?”

“காட்டுறதுக்கு முன்னாலயே சொன்னேன் லா! பிள்ளைங்களுக்கு என்ன ஜோசியமா தெரியும்?”

கோடு போடத்தான் வேண்டியிருந்தது. மாரியம்மன் கோயிலில் விளக்கு ஏற்றிய மாதிரி அவர் முகம் மலர்ந்தது.

ஐந்தாவது எனக்கு.

ஆறாவதுக்கு நான் போகவில்லை. மறு வாரம் கூட்டாளி கேட்டான்.

“ஏன் லா வரல?”

“எண்ணெய் மில்லுல லோரி வரிசை.”

வரிசை இருந்தது உண்மை. ஆனால் மூன்று மணிக்கே முடிந்துவிட்டது. திரும்பும்போது அவன் வீட்டுப் பக்கம் லோரியை மெதுவாக ஓட்டினேன். உள்ளேயிருந்து சத்தம் கேட்டது. கூட்டாளி சாமியாடியை அவள் ஜப்பான் பெயரைச் சொல்லிக் கத்தினான். சரியாகச் சொன்னான். எங்கே பழகினான் என்று தெரியவில்லை. நிற்காமல் போய்விட்டேன். ஆறாவது கோடு மச்சானுக்குப் போனது.

ஏழாவது எனக்கு. தூணில் அவனுக்கு மூன்று, எனக்கு மூன்று, பஸ்காரருக்கு ஒன்று. பாக்கி ஒரே நிழல்.

எட்டாவது நிழலில் பெரிதாக ஒன்றுமில்லை. அகலமான இரண்டு தோள். கழுத்து இல்லாத மாதிரி தலை. கை தெரியவில்லை. வேறு யாருக்கும் அது பொருந்தாது. கையைப் பின்னால் கட்டியிருந்தால் கங்காணி. மார்பில் கட்டியிருந்தால் மூட்டைத்தூக்கி. பெரும்பாலும் கங்காணி என்றுதான் எல்லாரும் பேசினார்கள். இணையத்திலும் அப்படித்தான் பேசுகிறார்கள் என்று கூட்டாளி மனைவி சொன்னாள்.

நான் மில்லில் வரிசையில் நிற்கும்போது கைப்பேசியில் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிதாக்கிப் பார்த்தேன். வெளிச்சத்தைக் கூட்டிப் பார்த்தேன். பின்னால் நின்ற லோரிக்காரன் வந்து எட்டிப் பார்த்தான்.

“என்னாண்ணே, பேயா பாக்குறீங்க?”

“ஆமா.”

“பேய் ஒங்களப் பாக்குதா?”

“இன்னும் திரும்பல.”

அவர் திரும்பவில்லை. ஆனால் அவர்தான். வலது தோள் கொஞ்சம் இறங்கியிருந்தது. கங்காணி அப்படித்தான் நிற்பார். எத்தனை வருஷமாக அவர் முதுகைப் பார்க்கிறேன்.

யூகம் சொல்லும் ஞாயிறு வந்தது. செம்பனை பழுக்கும் சீசன். ஞாயிற்றுக்கிழமையும் மில் ஓடியது. நான் நேரத்தோடு கிளம்பினேன். எடை போடும் இடத்தில் ஒரு லோரி சங்கிலி அறுந்து குலையைக் கொட்டிவிட்டது. எல்லாரும் இறங்கி அள்ளினோம். நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாரும் சாப்பிட்டு முடித்திருந்தார்கள்.

செருப்பைக் கழற்றும்போதே தெரிந்தது. டிவியைக்கூட அணைத்திருந்தார்கள்.

“என்ன?” என்றேன்.

கூட்டாளி மனைவிதான் சொன்னாள். “தம்பி மொதல்ல வந்துட்டான்ணே. ஒங்க கங்காணிய சொல்லிட்டான்.”

மச்சான் எழுந்து நின்றான். “சாரிண்ணே. அவருதான்னு தெரியுது. வேற யார சொல்றது?”

“சட்டம் சட்டம்தானே லா,” என்றார் பஸ்காரர். அவர் குரலில் விளையாட்டு இல்லை. அவர் யாரையோ சொல்லித் தன் முறையை ஏற்கெனவே கழித்துவிட்டார்.

கூட்டாளி என்னைப் பார்க்கவில்லை. சாக்குக்கட்டியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தான். ‘அது அவன் ஆளு, அவனுக்கு விட்டுடு’ என்று ஒரு வார்த்தை அவன் சொல்லியிருக்கலாம். நான் காத்திருந்தேன். அவன் சொல்லவில்லை.

“மூட்டைத்தூக்கி,” என்றேன்.

“நெஜமாவா?” என்றான் கூட்டாளி.

“வேற யாரு இருக்கா?”

மச்சானுக்கு என் நாற்காலி போகப் போகிறது, அது போகட்டும். என் ஆளையும் எடுத்துக்கொண்டான். இப்ப யாரும் அவர எடுக்கிறது இல்ல என்று சொன்ன அதே வாயால் எடுத்துக்கொண்டான்.

அந்த வாரம் முழுவதும் எனக்கு ஒரே நினைப்பு. கங்காணி வரக்கூடாது.

முதலில் அப்படி நினைத்ததும் எனக்கே ஒரு மாதிரி இருந்தது. இரண்டு கம்பெனியும் சேர வேண்டும், அவர் மற்ற கம்பெனிக்காரன் எல்லாரையும் அறைய வேண்டும், அதை நான் பார்க்க வேண்டும். பல வருஷமாக அதைத்தான் கேட்டேன். இப்போது அவர் வந்தால் மச்சான் கூட்டாளி பக்கத்தில் உட்காருவான். வராவிட்டால் நான் உட்காருவேன். குலை ஏற்றும்போது நினைத்தேன், இறக்கும்போது நினைத்தேன். வராதீங்க. இன்னொரு தடவை பார்த்துக்கொள்ளலாம். வராதீங்க.

தோட்டத்து வாசலில் கோயில் இருக்கிறது. அங்கே லோரியை மெதுவாக்கி ஒரு கும்பிடு போடுவது வழக்கம். அந்த வாரம் மெதுவாக்கவில்லை. வாய் தவறிக் கேட்டுவிடுவேனோ என்று இருந்தது.

ஞாயிறு. நான் முதல் ஆளாகப் போனேன். நாற்காலியில் உட்காரவில்லை. பாயில் உட்கார்ந்தேன். மச்சானும் பாயில் உட்கார்ந்தான். பஸ்காரர் பல்குச்சியோடு வந்தார். சட்டத்தை மீறி அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டாளி போட்டான்.

நிழல் நின்றது. வெளிச்சம் காலிலிருந்து மேலே ஏறியது. கங்காணி பூட்ஸ் போடுவார். முழங்கால்வரை வரும் பூட்ஸ்.

வெறும் கால் தெரிந்தது.

“ஐயோ!” என்று கூட்டாளி மனைவி கத்தினாள். “மூட்டைத்தூக்கி! அண்ணே, மூட்டைத்தூக்கி!”

கூட்டாளி என் முதுகில் அறைந்தான். “எப்படி லா கண்டுபிடிச்ச?”

கண்டுபிடிக்கவில்லை. அதை யாரிடமும் சொல்லவில்லை.

அவன் வாசலுக்குப் போய்க் கோடு போட்டான். நான்காவது கோடு மற்ற மூன்றைவிட நீளமாக விழுந்தது. மச்சான் என் கையைப் பிடித்துக் குலுக்கினான். “ஒங்க சீட்டுதாண்ணே. நா கீழ ஒக்காந்து பாக்குறேன், தாப்பா, பரவால்ல.” அவன் முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை. கொஞ்சமாவது இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

“இன்னும் நெறைய பேரு இருக்காங்க,” என்றான் கூட்டாளி. “காட்டுனது கொஞ்சந்தான். வெளையாட்டு வந்தாதான் முழுசா தெரியும். கங்காணி உள்ள இருப்பாரு.”

“இருப்பாரு,” என்றேன்.

அன்றிலிருந்து அவர் இருக்க வேண்டும் என்று நினைக்கத் தொடங்கினேன். நாற்காலி கிடைத்துவிட்டது. இனி அவரும் வரலாம்.

விளையாட்டு வெளியான பிறகு வந்த முதல் ஞாயிறு. கடையில் சொல்லி வைத்து மச்சான்தான் வாங்கி வந்திருந்தான். உறையைப் பிரிக்காமல் கூட்டாளி கையில் கொடுத்தான். எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டான். உட்கார்ந்தேன். கூட்டாளியின் முழங்கை என் முழங்கையில் இடித்தது. முன்பும் அப்படித்தான் இடிக்கும்.

ஜோடியாகப் பதிந்தோம். பிறகு ஆளைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. திரை முழுக்கச் சின்னச் சின்ன முகம். கூட்டாளி உடனே சாமியாடியை எடுத்துவிட்டான். பெயரைச் சொல்லவில்லை. எடுத்துவிட்டு எனக்காகக் காத்திருந்தான்.

டியூப் ஒட்டிய குமிழில் கட்டை விரலை வைத்தேன். முதல் வரிசை. அரிவாள்காரன் இருந்தான். குடைக்காரி இருந்தாள். இரண்டாவது வரிசைக்குப் போனேன். மூன்றாவது. கடைசி.

“எங்க லா ஒன் ஆளு?”

“தேடுறேன்.”

திரும்பவும் மேலே போனேன். பஸ்காரர் பல்குச்சியைக் கடித்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

பாயிலிருந்து மச்சான் மெதுவாகச் சொன்னான்.

“கங்காணி இல்லண்ணே. நேத்தே முழுசா போட்டுட்டாங்க. நா சொல்லல.”

அவன் அவரைக் கங்காணி என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

“பின்னால சேப்பாங்க,” என்றான் மறுபடி. “சில பேர அப்படித்தான் சேப்பாங்கண்ணே.”

“மூட்டைத்தூக்கிய எடுங்கண்ணே,” என்றாள் கூட்டாளி மனைவி. “அவன்தானே ஒங்கள ஜெயிக்க வெச்சான்.”

திரையின் மூலையில் நேரம் குறைந்துகொண்டிருந்தது. எடுக்காவிட்டால் அதுவே ஏதோ ஒரு ஆளை எடுத்துக் கொடுத்துவிடும்.

“எடு லா,” என்றான் கூட்டாளி.

முதல் வரிசையின் முதல் முகத்திலிருந்து ஒவ்வொன்றாகப் போனேன். யாரும் விட்டுப்போகாமல், கடைசி முகம்வரை எண்ணினேன்.

நாற்பத்து நான்கு பேர். அவர் இல்லை.